யாருடைய கோஷ்டி?

அயலார் தம் வயலில் நெல் விதைத்தாலும் கேழ்வரகு விதைத்தாலும் நாம் கவனிப்பதில்லை. நம் தகப்பனார் நிலத்தில் தமையனார் பருவம் தப்பிப் பயிரிடுகிறார் என்று தோன்றினால் மட்டும் வரப்பில் நின்று வாதாடுகிறோம். வாதாடுவது உரிமையுள்ளவனின் குணம். தேசத்தின் பெயரால் ஆடப்போகும் பதினொரு பேரைத் தெரிந்தெடுக்கும் விஷயமும் இப்படிப்பட்டதே. ‘இவரை ஏன் சேர்த்தார்கள்? அவரை ஏன் விட்டார்கள்?’ என்று ஜனங்கள் தெருவில் நின்று தர்க்கம் செய்வார்களானால், அந்தக் கோஷ்டி தங்களுடையது என்று அவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதே அதன் பொருள். ஆகையால் இத்தகைய விவாதங்களை வேலையற்றோர் வம்பு என்று தள்ளிவிடுவது தவறு. அவற்றைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், தேசம் என்பது எது, அதில் யாருக்கு இடம் என்ற பெரிய கேள்விகளே அங்கே பேசப்படுவதை அறியலாம்.

இந்த உண்மையைப் புதுச்சேரியைப்போல் விளக்கிக் காட்டும் ஊர் நம் தேசத்தில் வேறில்லை. 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி, கத்தார் தேசத்து லுஸைல் நகரில், பிரான்ஸும் அர்ஜென்டினாவும் உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் சந்தித்தன. தோற்றவருக்கு மறு சந்தர்ப்பம் இல்லாத பந்தயம். அதற்கு முந்திய நாட்களில் பிரெஞ்சுக் கோஷ்டியின் அபிமானிகள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் எழுந்த கேள்விகள் புதுச்சேரியிலும் எழுந்தன.

கேள்விகள் மூன்று. முதலாவது, கரீம் பென்ஸெமாவைப் பற்றியது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில்தான் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற தங்கப் பந்து விருதைப் பெற்றவர் அவர். பந்தயங்கள் தொடங்கும் தறுவாயில், நவம்பர் 19-ந் தேதி, தொடையில் காயமுற்று ஊர் திரும்பினார். அவருக்குப் பதிலாக வேறொருவர் பெயர் சேர்க்கப்படவில்லை. காயமும் ஆறி வந்தது. ‘அவரைத் திரும்ப அழைத்தால் என்ன?’ என்றது ஒரு கட்சி. ‘அவரில்லாமலே இறுதிவரை வந்த கோஷ்டியை இப்பொழுது கலைப்பானேன்?’ என்றது மறு கட்சி. இரண்டாவது, பின்களத்தைப் பற்றியது. மொரோக்கோவுடன் நடந்த அரையிறுதிப் பந்தயத்தில், நோயுற்றிருந்த உபமெகானோவுக்குப் பதிலாகக் கொனாத்தே ஆடிக் குறையொன்றும் வைக்கவில்லை. நோய் நீங்கியவருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுப்பதா, நன்றாக ஆடியவரையே வைத்துக்கொள்வதா? மூன்றாவது, முன்களத்தில் நின்ற ழிரூவைப் பற்றியது. வயது முப்பத்தாறு, அனுபவம் மிகுதி, ஓட்டம் குறைவு.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முதல் மகாயுத்தத்தில் மடிந்தவர்களின் ஞாபகச் சின்னத்துக்கு எதிரே மாலைக் காற்று வாங்க வருவோரிடையே இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கும் வெளியூர்க்காரர் திகைப்படைவது சகஜம். ‘இந்திய மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸ் தேசத்துக் கோஷ்டியில் யார் இருக்க வேண்டுமென்று தமிழில் சண்டையிடுகிறார்களே! இது அடிமை மோகமல்லவா?’ என்று அவர் கேட்கக்கூடும். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடையளிக்கலாகாது. சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் சேருவதென்று தீர்மானித்தனர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிற்று. 1956-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அது சட்டப்படி அமுலுக்கு வந்தது 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதிதான். அன்று முதல் இங்கே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளானார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்ளலாம் என்றும் விதிக்கப்பட்டது. இந்தோசீனத்திலும் பிற இடங்களிலும் பிரெஞ்சுச் சேனையில் சேவித்து ஓய்வுச் சம்பளம் பெற்றுவந்த ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் பலவும் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டன. அதன் பலனாக, ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்களின் சந்ததியிலே ஒரு கிளை இந்தியப் பாஸ்போர்ட்டும் மறு கிளை பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் உடையதாயிற்று. பொங்கல் ஒன்று, திவசம் ஒன்று, பேசும் பாஷை ஒன்று. வாக்குச் சீட்டு மட்டும் வேறு. பிரெஞ்சு ஜனாதிபதியின் தேர்தலில் வாக்களிக்கும் தமிழர் இவ்வூரில் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தான் வாக்களிக்கும் தேசத்தின் கோஷ்டியைப் பற்றி ஒருவர் வாதாடுவதில் மோகம் எங்கிருந்து வந்தது? அது அவருடைய பாத்தியதை. பக்கத்து வீட்டு இந்தியப் பிரஜையும் சிற்றப்பா பிள்ளையோடு சேர்ந்து அதில் கலந்துகொள்வது உறவின் காரியம்.

இனி அந்த விவாதத்தின் உட்பொருளைக் கவனிப்போம். பிரெஞ்சுக் கோஷ்டியைப் பற்றிய பேச்சு எதுவும் கால் வன்மையோடு நின்றுவிடுவதில்லை. ‘இவன் மெய்யாகவே பிரெஞ்சுக்காரன்தானா?’ என்ற கேள்வி அதன் அடியில் எப்பொழுதும் கிடக்கிறது. 1931-ம் வருஷத்திலேயே ரவூல் தியாஞ் என்னும் கறுப்பர் பிரான்ஸுக்காக ஆடினார். மொரோக்கோவில் பிறந்த லார்பி பென் பாரெக் 1938-ல் ஆடத் தொடங்கினார். 1958-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றபொழுது, அதன் பெருமைக்குரியவர்களில் கோப்பா போலந்து தேசத்துச் சுரங்கத் தொழிலாளரின் வம்சத்தவர். பதின்மூன்று கோல்கள் போட்ட ஃபோந்தேன் மர்ராக்கெஷ் நகரில் பிறந்தவர். 1998-ல் கோப்பையை வென்ற கோஷ்டியின் தீபம் போன்ற ஸிதான், அல்ஜீரியாவிலிருந்து வந்து மார்ஸேய் நகரில் குடியேறிய பெற்றோரின் புதல்வர்.

ஆனால் இந்தப் பெருமையைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். 1996-ல் ழான் மரி லெ பென், அன்னியர்களைக் கொண்டுவந்து பிரெஞ்சுக் கோஷ்டி என்று பெயரிடுகிறார்கள் என்று பழித்தார். 2011-ல் இன்னொரு விஷயம் வெளியாயிற்று. இரண்டு தேசங்களின் பிரஜாவுரிமைக்கு இடமுள்ள சிறுவர்களின் தொகைக்குப் பயிற்சி நிலையங்களில் வரம்பு கட்டலாமா என்று கால்பந்துச் சம்மேளனத்து அதிகாரிகள் தங்களுக்குள் பேசியிருந்தனர். ஸ்வதந்திரம், சமத்வம், சகோதரத்வம் என்று கட்டிடத்துக்குக் கட்டிடம் எழுதி வைத்த தேசத்திலே பன்னிரண்டு வயதுப் பையனின் பாட்டன் எங்கே பிறந்தான் என்று பார்த்துப் பந்தைக் கொடுப்பதா என்ற கண்டனம் எழுந்தது. அந்த யோசனையும் அத்துடன் மடிந்தது. பென்ஸெமாவே, சக ஆட்டக்காரர் ஒருவர் சம்பந்தமான வழக்கின் காரணமாக 2015 முதல் ஐந்தரை வருஷம் ஒதுக்கி வைக்கப்பட்டபொழுது, பிரான்ஸில் துவேஷம் கொண்ட ஒரு பகுதியின் நிர்ப்பந்தத்துக்குப் பயிற்சியாளர் தெஷான் பணிந்துவிட்டார் என்று 1916-ஐப் போன்ற இருண்ட காலத்தில் அல்ல, 2016-ம் வருஷத்தில் வெளிப்படையாகக் குறை கூறினார். அது உண்மையா, அல்லது வழக்கே காரணமா என்பது இன்றும் தீராத விவாதம்.

இந்தியர்களாகிய நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. மொரீஷியஸிலிருந்து பிரான்ஸில் குடியேறிய இந்திய வம்சத்துப் பெற்றோருக்கு 1973-ல் நார்மண்டியில் பிறந்தவர் விகாஷ் தொராஸு. 2006-ம் வருஷத்து உலகக் கோப்பையில் ஸ்விட்ஸர்லாந்துடனும் கொரியாவுடனும் நடந்த பந்தயங்களில் சில நிமிஷங்கள் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். தோற்றவர் வெளியேறும் பந்தயங்கள் ஆரம்பித்த பின், இறுதிப் பந்தயம் வரை, அவர் களத்தில் காலெடுத்து வைக்கவில்லை. உட்கார்ந்திருந்த அந்த நாட்களையே அவர் சினிமாப் படமாக எடுத்து வெளியிட்டார். நம்மவர் ஒருவரைப் பலகையில் உட்கார வைத்தது அநீதி என்று இரத்த பாசத்தால் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கோஷ்டியில் நடுக்களத்தில் இருந்தவர்கள் ஸிதானும் வியேராவும் மக்கலேலேயும். அவர்களுக்குப் பதில் நம்மவர் என்று கேட்பதற்கு நம்மிடம் இருந்த ஆதாரம் அவருடைய பெயரைத் தவிர வேறென்ன? பெயரைப் பார்த்துத் தள்ளுவது பிசகென்றால், பெயரைப் பார்த்துச் சேர்க்கச் சொல்வதும் பிசகே.

அப்படியானால் தேசிய கோஷ்டிக்கு உரிமை எதனால் வருகிறது? விருப்பத்தால் வருகிறது என்று நாம் சொல்வோம். இதற்கு வீறு மிக்க சான்று 1958-ல் கிடைத்தது. முஸ்தஃபா ஸித்தூனி, ரஷீத் மெக்லூஃபி என்ற அல்ஜீரியர் இருவரும் ஸ்வீடன் தேசத்தில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குப் பிரெஞ்சுக் கோஷ்டியில் செல்லக்கூடியவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் வேறு சில ஆட்டக்காரர்களுடன் ரகசியமாகப் பிரான்ஸை விட்டு வெளியேறி ட்யூனிஸ் நகரை அடைந்து, தம் தேசத்தின் விடுதலை முன்னணி அமைத்த கோஷ்டியில் சேர்ந்தனர். உலகக் கோப்பையையும் பெருஞ் சம்பளத்தையும் விட்டு, அப்பொழுது உலக சம்மேளனம் அங்கீகரிக்காத கோஷ்டியில் நான்கு வருஷம் ஆடினார்கள். அவர்களைத் தெரிந்தெடுத்த கமிட்டி எதுவும் இல்லை. அவர்கள் தேசத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களைப் போற்றும் நாம், அதே நியாயத்தால், அல்ஜீரிய வம்சத்திற் பிறந்து பிரான்ஸுக்கே ஆடுவேன் என்று தெரிந்துகொண்டவரையும் போற்றத்தான் வேண்டும்.

விருப்பம் உரிமையைத் தருகிறது. திறமை இடத்தைத் தருகிறது. ஆயினும் ஒருவனைத் தன்னவன் என்று ஒரு தேசம் மெய்யாகவே ஏற்றுக்கொண்டதா என்பது, அவன் தவறும் நாளில்தான் தெரிகிறது. லுஸைலில் நடந்ததை நினைவு கூர்வோம். தெஷான் பென்ஸெமாவை அழைக்கவில்லை, பின்களத்தில் உபமெகானோவையே இறக்கினார், ழிரூவை முன்னிறுத்தினார். முப்பத்தாறு நிமிஷத்தில் இரண்டு கோல் பின்தங்கிய நிலை. இடைவேளைக்கு முன்பே, நாற்பத்தோராம் நிமிஷத்தில், ழிரூவையும் தெம்பெலேயையும் வெளியே அழைத்துக் கோலோ முவானியையும் மார்க்கஸ் துராமையும் அனுப்பினார். இவ்விருவரும் நவம்பரில் வெளியான முதல் ஜாபிதாவில் இடம் பெறாதவர்கள், பிற்பாடு சேர்க்கப்பட்டவர்கள். கோலோ முவானியால் பெனால்டி கிடைத்தது. துராம் கொடுத்த பந்தில் இரண்டாவது கோல் விழுந்தது. எம்பாப்பே மூன்று கோல்கள் போட்டார். மூன்றுக்கு மூன்று என்று முடிந்தபின், பெனால்டி உதைகளில் கோமான் உதைத்ததை அர்ஜென்டினாவின் கோல் காப்பாளர் தடுத்தார். ச்சுவாமெனி உதைத்த பந்து வெளியே சென்றது. கோப்பை அர்ஜென்டினாவுக்குப் போயிற்று.

அன்றிரவே கோமானையும் ச்சுவாமெனியையும் நிறத்தைச் சொல்லி ஏசும் வசைகள் குவிந்தன. பந்து வலையில் விழுந்தால் பிரெஞ்சுக்காரன். வெளியே போனால் ஆப்பிரிக்கன்! கடற்கரைச் சாலையில் கொனாத்தேயா உபமெகானோவா என்று வாதாடிய புதுச்சேரித் தமிழருக்கு இந்த வசையின் பொருள் நன்றாக விளங்கும். தாம் கையில் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டும் வெற்றி நாளுக்கு மட்டும் செல்லுபடியாவதா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

இங்கே நம் சரித்திரத்தின் ஏடு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது பொருந்தும். 1948-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி. இந்தியா ஸ்வதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைவதற்குப் பதினைந்து நாட்கள் இருந்தன. லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டு மைதானத்தில், இந்தியக் கால்பந்துக் கோஷ்டி எதிர்த்து நின்றது வேறு எந்தக் கோஷ்டியையும் அல்ல; பிரான்ஸைத்தான். அதுவும் தோற்றவர் வெளியேறும் பந்தயமே. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை அதன் ஜனங்களே நிர்ணயிப்பதென்று இரு சர்க்கார்களும் அதற்கு முந்திய மாதத்தில்தான் உடன்பட்டிருந்தன. புதுச்சேரியில் மூவர்ணக் கொடி எது என்பதே விவாதமாயிருந்த காலம். நாகநாட்டு வைத்தியர் தாலிமெரென் ஆவோ இந்தியக் கோஷ்டிக்குத் தலைவர். நம் ஆட்டக்காரரில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. தென்னாட்டவரான சாரங்கபாணி ராமன் எழுபதாம் நிமிஷத்தில் சமப்படுத்தினார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்ஸ் மறு கோல் போட்டு வென்றது. ஆனால் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகள் வீணாயின. ஒன்றைத் தவறவிட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த சைலேன் மன்னா. மற்றொன்றைத் தவறவிட்டவர் மகாவீர் பிரசாத்.

மன்னாவை நம் தேசம் என்ன செய்தது? மூன்று வருஷம் கழித்து, 1951-ம் வருஷம் மார்ச்சு மாதம், டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தபொழுது, இந்தியக் கோஷ்டிக்கு அவரையே தலைவராக்கியது. இறுதிப் பந்தயத்தில் ஈரானை மேவாலாலின் கோலால் வென்று அக்கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்றது. பிரான்ஸிலும் இந்த நல்ல வழக்கம் இல்லாமற் போகவில்லை. 2021-ல் ஸ்விட்ஸர்லாந்துடன் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டு நிற வசை கேட்ட எம்பாப்பே, 2023-ல் கோஷ்டித் தலைவரானார். லுஸைலில் தவறிய ச்சுவாமெனியும் 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு பந்தயத்தில் தலைமை வகித்தார். வசை பாடுவோர் தேசமல்ல. தவறியவனின் தோளில் மீண்டும் பொறுப்பை வைப்பதே தேசம்.

இந்த அளவுகோலை இப்பொழுது நம் பக்கம் திருப்ப வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுடைய தமிழ் இளைஞன் திறமை இருந்தால் பிரான்ஸுக்கு ஆடலாம். இந்தியாவுக்கு ஆட முடியாது. நம் அரசியல் சட்டம் இரட்டைப் பிரஜாவுரிமையை ஒப்புவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரே தேசிய கோஷ்டிகளில் இடம் பெறலாம் என்று 2008-ல் சர்க்கார் முடிவு செய்தது. இதைத் தளர்த்த வேண்டுமென்போர் மொரோக்கோவை எடுத்துக்காட்டுகிறார்கள். 2022-ல் அரையிறுதி வரை வந்த அந்தக் கோஷ்டியின் 26 பேரில் 14 பேர் வெளித் தேசங்களில் பிறந்தவர்கள் என்பது வாஸ்தவம். ஆனால் மொரோக்கோ அத்துடன் சொந்த மண்ணிலும் பயிற்சி நிலையங்களை நிறுவியது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம் விதி கடினமானது, ஆனால் அநியாயமானதன்று. இரண்டு கொடிகளில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று அது கேட்கிறது. ஜப்பானிற் பிறந்த இஸுமி அராதா 2012-ல் இந்தியப் பிரஜையாகி மறு வருஷம் நம் கோஷ்டியில் ஆடினார். 2025-ல் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பிரஜாவுரிமையைத் துறந்து இந்தியப் பிரஜையானார். இப்படித் தெரிந்துகொண்டு வருகிறவர்களை, பிறந்த ஊர் கேளாமல், முழு உரிமையுள்ள சகோதரர்களாக ஏற்பது நம் கடமை. புதுச்சேரியில் அப்படியொரு இளைஞன் நாளை வந்தாலும் இதுவே முறை. வராமல் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருப்பானாயின், அவனைத் துரோகி என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. 1962-ம் வருஷம் அமுலுக்கு வந்த ஒப்பந்தமே அவன் குடும்பத்துக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

அதே சமயம், அன்னிய தேசத்தின் வம்பைப் பேசி நம் வீட்டு அழுக்கை மறைக்கலாகாது. நம்மிடையே தேசிய கோஷ்டியின் ஜாபிதா வெளியானவுடன் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? நம் மாகாணத்தார் எத்தனை பேர் என்பதல்லவா? வடவர் ஒதுக்கினார்கள், வங்காளியர் அபகரித்தார்கள், இன்ன கிளப்புக்காரருக்கே சலுகை என்ற பேச்சு எத்தனை முறை எழுந்திருக்கிறது! பாஸ்போர்ட்டைப் பற்றிய கேள்வி பிரான்ஸுக்கு எப்படியோ, மாகாணத்தைப் பற்றிய கேள்வி நமக்கு அப்படியே. இவற்றுள் நியாயமான குறைகளும் இருக்கலாம். அவற்றுக்குப் பரிகாரம், தெரிந்தெடுப்போர் ஒவ்வொரு பெயருக்கும் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்வதும், ஒவ்வொரு ஜில்லாவிலும் சிறுவர்களுக்கு மைதானமும் ஒழுங்கான பந்தயங்களும் ஏற்படுத்துவதுமே. மாகாணத்துக்கு இத்தனை பேர் என்று பங்கு போடுவது பரிகாரமாகாது. அது 2011-ல் பிரெஞ்சு அதிகாரிகள் பேசிய வரம்பின் மறு உருவமே.

புதுச்சேரி வீடொன்றில், பிரான்ஸுக்கு வாக்களிக்கும் அண்ணனும் இந்தியாவுக்கு வாக்களிக்கும் தம்பியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பந்தயம் பார்ப்பது இயல்பான காட்சி. அண்ணன் தன் கோஷ்டியைப் பற்றி இரவு முழுவதும் சண்டையிடுகிறான். தம்பி தன் கோஷ்டியைப் பற்றிச் சண்டையிட வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை; உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றுகளில் அது இதுவரை ஆடியதே இல்லையல்லவா? அந்தத் தம்பிக்கும் தோற்றவர் வெளியேறும் பந்தயம் ஒன்று வாய்க்க வேண்டும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவனும் குரல் கம்ம வாதாட வேண்டும். ஆனால் அவன் வாதம் கால்களைப் பற்றியதாகவே இருக்கட்டும்; குலத்தையும் ஊரையும் பற்றியதாக வேண்டாம். நம்மவன் ஒருவன் அன்று பெனால்டியைத் தவறவிடுவானாயின், மன்னாவுக்கு நம் தேசம் அளித்த மரியாதையை அவனுக்கும் அளிக்க இன்றே மனத்தைப் பழக்கிக்கொள்வோமாக.